மூன்றாவது எழுத்து இல்லாத ஸ்பிட்ஃபயர்: அச்சுப் பிழையா?

வால்சிறகு:
பிரிட்டிஷ் விமானப்படை 19-ஆம் ஸ்குவாட்ரனின் (படைப்பிரிவின்) ஸ்பிட்ஃபயர் போர் விமானம், 1940 மே மாதத் தோற்றம் என்று நான் வாங்கிய சிறுமாதிரி விமானப் பெட்டியில் போட்டிருக்கிறது. விமானத்தின் பக்கத்தில் ஒட்டவேண்டிய அடையாள எழுத்துகளில், ஒட்டுத்தாளில் ‘க்யூவி’ மட்டும்தான் இருக்கிறது. விமானப்படையின் வட்டச் சின்னத்துக்கு மறுபக்கம் வைக்க எழுத்தே இல்லை. அச்சடிக்க மறந்துவிட்டார்களா?

பழைய தூரிகை:
மறந்துதான் இருப்பார்கள். இரண்டெழுத்து ஸ்குவாட்ரனுக்கு, ஓரெழுத்து அந்த விமானத்துக்கு. போர் தொடங்கியதும் 19-ஆம் ஸ்குவாட்ரனின் ‘டபிள்யூஇசட்’ போய் ‘க்யூவி’ வந்தது, முறை மாறவில்லை. மூன்றாவது எழுத்து இல்லாவிட்டால் வானில் பத்து விமானங்களில் எது எது என்று எப்படித் தெரியும்? வேறு தாளிலிருந்து ஓர் எழுத்தை வெட்டி ஒட்டுங்கள்.

சாம்பல் வண்ணம்:
வால்சிறகு, தயவுசெய்து ஒட்டிவிடாதீர்கள்! அது ‘என் 3200’ என்ற தொடர் எண் கொண்ட விமானமாக இருக்க வேண்டும். ஸ்குவாட்ரன் தலைவர் ஜெஃப்ரி ஸ்டீஃபன்சன் ஓட்டியது. 1940 மே 26 அன்று பிரான்சின் சாங்காட் கடற்கரையில் இறங்கியது. இன்றும் ‘க்யூவி’ மட்டும் தாங்கிப் பறக்கிறது.

பழைய தூரிகை:
புதுப்பித்துப் பறக்கவிட்ட விமானத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அதன்மேல் இருப்பது புதுப்பித்தவர் முடிவுசெய்த வண்ணம்.

சாம்பல் வண்ணம்:
அந்த முடிவுக்கு ஆதாரம், மணலில் கிடந்த விமானத்தை அக்காலத்திலேயே எடுத்த படங்கள்.

பழைய தூரிகை:
மூன்றாவது எழுத்து படத்தில் விழாத நிறத்தில் இருந்திருக்கலாமே?

சாம்பல் வண்ணம்:
அக்காலத்துச் சிலவகைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் சிவப்பும் மஞ்சளும் கறுத்துப்போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று எழுத்துக்கும் ஒரே சாம்பல்தான் பூசுவார்கள். ஒரே டப்பாவின் வண்ணத்தில் இரண்டு தெரிந்து மூன்றாவது மட்டும் ஒளிந்துகொள்ளுமா? இன்னொன்றும் உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்பு, மே 24 அன்று, 92-ஆம் ஸ்குவாட்ரனின் பி 9374 கலே கடற்கரையில் விழுந்தது. அதில் ‘ஜே’ மட்டும். ஸ்குவாட்ரன் எழுத்துகள் இல்லை. ஒன்றில் தலை இல்லை, மற்றதில் வால் இல்லை. ஒழுங்கைப் பற்றிப் பேசுவதென்றால், 1940-இல் 92-ஆம் ஸ்குவாட்ரனும் 616-ஆம் ஸ்குவாட்ரனும் ஒரே ‘க்யூஜே’வைப் போட்டுக்கொண்டு திரிந்ததையும் சொல்லுங்கள். எழுத்துகளை ஒதுக்கி ஆணை பிறப்பித்தவர்கள் வீட்டுக் குழப்பமே அவ்வளவு.

பழைய தூரிகை:
இரண்டு விதிவிலக்குகளை வைத்துக்கொண்டு விதியே இல்லை என்கிறீர்கள். நாளைக்கு யாராவது எழுத்து ஒட்டச் சோம்பல்பட்டு ‘வரலாறு’ என்பார்கள். என் 3200-க்கு மட்டும் சரி. வேறு தொடர் எண் என்றால் மூன்று எழுத்தும் வேண்டும், அதில் நான் இறங்கி வரமாட்டேன். வால்சிறகு, பின்பகுதிக்கான தொடர் எண் என்ன கொடுத்திருக்கிறார்கள்?

வால்சிறகு:
என் 3200 தான். ஆனால் ஐயா, உங்கள் முதல் பதிலைப் படித்தவுடனே ஓர் ‘ஏ’வை வெட்டி ஒட்டிவிட்டேன். காய்ந்தும்விட்டது.

சாம்பல் வண்ணம்:
மேற்பூச்சு அடித்துவிட்டீர்களா?

வால்சிறகு:
இல்லை.

பழைய தூரிகை:
பிழைத்தீர்கள். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துப் பத்து நிமிடம் அதன்மேல் வையுங்கள். ஊறியதும் பசைநாடாவை லேசாக அழுத்தி, ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். அடிவண்ணம் கொஞ்சம் பெயர்ந்தால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள்.