ஸ்னோவில ஆர்சி (றிமோட்) கார்: எங்கட குடும்பக் குழுவில ஒரு வியாழன் இரவு

[6:48] ஆரணன்: மாமா நிக்கிறீங்களோ? கார் செத்துப்போச்சு

[6:48] ஆரணன்: (வீடியோ)

[6:49] ஆரணன்: ட்ரைவ்வேயில வடிவா ஓடிக்கொண்டு இருந்தது. திடீரெண்டு இழுவை குறைஞ்சு சிவப்பு லைட் மின்னிச்சுது, பிறகு நிண்டிட்டுது. புல் சார்ஜ் போட்டுத்தான் எடுத்தனான்

[6:51] சுதா: அண்ணா, நத்தாருக்கு வாங்கிக் குடுத்தது. இன்னும் ஒரு மாசம் ஆகேல்ல. கடையில திருப்பிக் குடுக்கலாமோ?

[6:55] குகன்: கடைக்குக் கொண்டுபோகாதை சுதா. காருக்கு ஒண்டும் நடக்கேல்ல. ஆரணன், பற்றறியை காருக்குள்ள போட முதல் எங்க வைச்சிருந்தனீ?

[6:55] ஆரணன்: கராஜில

[6:56] குகன்: வெளியில இப்ப எத்தினை டிகிரி?

[6:56] ஆரணன்: -11

[7:01] குகன்: அதுதான் விசயம். லைப்போ (லித்தியம் பொலிமர்) பற்றறி குளிர்ந்தா உள்ளுக்குக் கிடக்கிற சார்ஜ் எங்கையும் போகாது, ஆனா வெளிய வர மாட்டன் எண்டு அடம்பிடிக்கும். நீ திறொட்டிலை அமத்தின உடன வோல்ற்றேஜ் சடாரெண்டு விழும். உன்ர கார் 2எஸ், அதாவது ரண்டு செல், புல் எண்டா 8.4 வோல்ற். ஒரு செல் 3.2க்குக் கிட்ட இறங்கினா ஸ்பீட் கொன்ட்ரோலர் பற்றறி முடிஞ்சுது எண்டு எடுத்து கரண்டை வெட்டிப்போடும். அது பற்றறியைக் காப்பாத்துற வேலை, பழுது இல்லை. இப்ப அதை வீட்டுக்குள்ள மேசையில வை. குளிர் விட்ட பிறகு வோல்ற்றேஜ் காட்டுற செக்கரைக் கொழுவிப் பார்.

[7:02] குகன்: சார்ஜரில போடாதை. செக்கர் மட்டும்.

[7:04] ரஞ்சி: இந்தக் குளிருக்குள்ள பிள்ளையை ஏன் வெளிய விட்டனீ சுதா? நாளைக்கு +1 எண்டு போட்டிருக்கிறாங்கள். நாளைக்கு ஓடட்டும்

[7:06] குகன்: அக்கா, ஆளுக்கு நாளைக்கு நல்லம், காருக்கு இண்டைக்குத்தான் நல்லம். -5, -8 எண்டு நிண்டா ஸ்னோ மா மாதிரி உதிரியாக் கிடக்கும், பிரஷால தட்டினா விழுந்திடும். +1 எண்டா எல்லாம் சொதசொதத்துக் கூழாகி, றோட்டு உப்பும் அதோட கலந்து சில்லு, பெயரிங், கியர் எல்லாத்துக்குள்ளையும் போகும். இந்தச் சிற்றியில கார் ஓட்டுறவைக்கு குளிரைவிடப் பெரிய எதிரி அந்த உப்புத்தான்.

[7:07] கபில்: மாமா சொல்லுறது சரி. ஆனா கனக்கக் குளிர்ந்தாலும் கூடாது. இங்க எட்மன்டனில -24ல ஓடி, ஒரு சின்னக் கட்டையில முட்டினதுக்கு முன் சில்லைப் பிடிக்கிற ஆம் பிஸ்கட் மாதிரி முறிஞ்சுது

[7:07] கபில்: (படம்)

[7:08] ஆரணன்: ஐயோ

[7:10] குகன்: நைலோன் விறைச்சால் அப்பிடித்தான். வளையிற இடத்தில முறியும். -15க்குக் கீழ போனா ஜம்ப் வேண்டாம், கட்டையில முட்டாதை, அவ்வளவுதான். கபில், ஷொக் எண்ணெய் மாத்தினனீயோ?

[7:12] கபில்: ஓம், 40ல இருந்து மெல்லிய 30க்கு இறக்கினனான். அதுக்கு முதல் ஷொக் எழும்பவே மாட்டுது, கார் பலகை மாதிரித் துள்ளிச்சுது. மோட்டரில இருக்கிற பினியன் கியரும் ஒரு பல்லுக் குறைச்சது

[7:13] ஆரணன்: பினியன் ஏன்?

[7:17] குகன்: நல்ல கேள்வி. ஸ்னோ எண்டா சில்லு ஒவ்வொரு அடிக்கும் உழுதுகொண்டு போகவேணும். வெளியில -10 எண்டாலும் மோட்டர் கொதிக்கும். சின்னப் பினியன் போட்டா வேகம் கொஞ்சம் குறையும், மோட்டருக்குச் சுமை குறையும். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நிப்பாட்டி மோட்டரில விரலை வைச்சுப் பார். வைச்சிருக்க ஏலாட்டி ஆறவிடு. சூடாகிட்டுதெண்டு ஸ்னோவை அள்ளி மேல போடாதை.

[7:22] ஆரணன்: மாமா!!! 7.8 காட்டுது. பாதிக்கு மேல கிடக்கு 😀

[7:23] குகன்: சொன்னன் தானே. இனி வெளிய போகேக்க பற்றறி உன்ர ஜக்கெற்றின்ர உள்பொக்கெற்றில போகவேணும். ஓடுற இடத்துக்குப் போன பிறகுதான் காருக்குள்ள போடுறது. ஓடத் தொடங்கினா அது தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும், நடுவில கனநேரம் நிப்பாட்டி வைக்காதை.

[7:25] ஆரணன்: சரி. இப்ப கராஜில சார்ஜ் போடட்டோ?

[7:25] குகன்: இல்லை. கராஜில போடவே கூடாது.

[7:27] சுதா: அண்ணா, அதுக்கு நான் விடமாட்டன். லைப்போ நெருப்புப் பிடிக்கிற வீடியோ பாத்தனான். கராஜில எரிஞ்சாலும் பரவாயில்லை, பிள்ளையள் படுக்கிற வீட்டுக்குள்ள வேண்டாம்

[7:34] குகன்: சுதா, நீ பயப்பிடுறது நியாயம். அந்தப் பயத்துக்காகத்தான் கராஜ் வேண்டாம் எண்டிறன். பற்றறி 0க்குக் கீழ இருக்கேக்க சார்ஜ் போட்டா லித்தியம் உள்ள போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் மேல உலோகமாப் படியும். படிஞ்சது படிஞ்சதுதான், திரும்ப வராது. கொள்ளளவும் குறையும், ஒருநாள் உள்ளுக்கே ஷோர்ட் ஆகவும் கூடும். வெளியில பாக்க வித்தியாசம் ஒண்டும் தெரியாது. நீ பாத்த நெருப்புக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

[7:36] குகன்: பேஸ்மென்டில சீமெந்துத் தரையில, பக்கத்தில துணி கடுதாசி ஒண்டும் இல்லாமல், நெருப்புத் தாங்கிற லைப்போ பைக்குள்ள வைச்சுப் போடட்டும். மேல ஸ்மோக் அலாம் வேலை செய்யுதோ எண்டு நீயே அமத்திப் பார். யாரும் பெரியாக்கள் முழிச்சு வீட்டில நிக்கவேணும். குளிருக்குள்ள இருந்து வந்த பற்றறி எண்டா ஒரு மணித்தியாலம் சும்மா கிடந்து அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் சார்ஜர். வீங்கியிருந்தா தொடாதை, எனக்குச் சொல்லு.

[7:40] சுதா: பேஸ்மென்ட் எண்டா சரி. நான் கீழ உடுப்புத் தோய்க்கேக்க மட்டும் போடட்டும்

[7:40] குகன்: அது நல்ல ஒழுங்கு.

[7:43] அம்மம்மா: (குரல்பதிவு 0:21)

[7:44] ரஞ்சி: அம்மா கேக்கிறா, ஈரக் காரை வீட்டுக்குள்ள கொண்டுவந்து கம்பளத்தில வைக்கிறானாம், ஆர் துடைக்கிறது எண்டு 😄

[7:45] ஆரணன்: நான் துடைக்கிறன் அம்மம்மா. பெட்டியில வோட்டர்புறூவ் எண்டுதான் போட்டிருக்கு, அதால காருக்கு ஒண்டும் ஆகாது

[7:52] குகன்: அம்மா கேட்டது சரியான இடத்திலதான் கேட்டிருக்கிறா. வோட்டர்புறூவ் எண்டது ரிசீவர், சேர்வோ (சில்லைத் திருப்புற சின்ன மோட்டர்), ஸ்பீட் கொன்ட்ரோலருக்கு. பெயரிங்குக்கு இல்லை. கனபேர் ஓடேக்கதான் கார் பழுதாகும் எண்டு நினைக்கினம். ஓடி முடிச்சு வீட்டுக்குள்ள வைச்ச பிறகுதான் பழுதாகத் தொடங்குது. ஒட்டின ஸ்னோ உருகி கீழ இறங்கி பெயரிங்குக்குள்ள நிக்கும். அடுத்த கிழமை சில்லைச் சுத்தினா கறகறவெண்டு சத்தம் கேட்கும், துருப்பிடிச்சிட்டுது.

[7:58] குகன்: வெளியிலயே பிரஷால வடிவாத் தட்டு. பிறகு உங்கட லீஃப் புளோவரால ஊது, கீழையும் பக்கங்களையும். உள்ள கொண்டுவந்து ஒரு பழைய துவாயில வைச்சு காரின்ர மேல்மூடியைக் கழட்டி, பற்றறியை எடுத்துப்போட்டு, ஃபானுக்கு முன்னால விடு. உப்புத்தண்ணி பட்டிருந்தா மட்டும் முதல் நல்ல தண்ணியால கழுவவேணும். காய்ஞ்ச பிறகு பெயரிங்குக்கும் இரும்பு ஸ்குறூவுக்கும் டபிள்யூடி-40 ஸ்பிறே கொஞ்சம். அது தண்ணியைத் தள்ளும், ஆனா கனநாள் நிக்காது, அதுக்கு மேல ஒவ்வொரு பெயரிங்குக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடவேணும். சில்லைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சு ஆட்டிப் பார், உள்ள தண்ணி சலசலத்தா ரயருக்குள்ள இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிட்டுது. ரயர் ஓட்டையைக் கீழ பிடிச்சு வடியவிடு.

[8:01] கபில்: சேர்வோவையும் சொல்லுங்கோ மாமா

[8:04] குகன்: ஓம், மறக்கக்கூடாது. ஸ்ரியரிங் கம்பிக்கும் ஷசிக்கும் (காரின்ர அடித்தட்டு) நடுவில ஸ்னோ போய், மோட்டர் சூட்டில கொஞ்சம் உருகி, திரும்ப உறைஞ்சு கல்லாகிடும். சில்லு திரும்பாது, சேர்வோ ங்ங்ங் எண்டு முனகும். அந்தச் சத்தம் கேட்டா உடன ஸ்ரியரிங்கை விடு, கையால ஐஸைக் கிள்ளி எடு. இழுத்துக்கொண்டு நிண்டா சேர்வோவின்ர பல்லுப் போகும். ஓட முதல் ஷசியில சமையல் எண்ணெய் ஸ்பிறே கொஞ்சம் அடிச்சா ஸ்னோ ஒட்டுறது குறையும்.

[8:09] ஆரணன்: விளங்குது. சனிக்கிழமை பள்ளிக்கூடப் பெடியள் எல்லாரும் வீட்டுக்குப் பின்னால பொண்டுக்குக் கார் கொண்டுவாறாங்களாம். நல்லா உறைஞ்சு கிடக்கு. ட்றிஃப்ட் சூப்பரா இருக்கும்

[8:10] சுதா: ஆரணன்!!

[8:10] ரஞ்சி: பொண்டுக்கோ?

[8:17] குகன்: ஆரணன், இதை வடிவா வாசி. அது குளம் இல்லை, றோட்டு மழைத்தண்ணி சேர்க்கிற பொண்ட். குழாயால தண்ணி வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும், மட்டம் ஏறி இறங்கும், ஐஸுக்குக் கீழ வெறும் இடமாக் கிடக்கும். றோட்டு உப்பும் அதுக்குள்ளதான் வருது, உப்புத்தண்ணி லேசில உறையாது. ஒரு இடத்தில கட்டியா இருக்கும், பத்தடி தள்ளிக் கடுதாசி. தண்ணி ஓடாத ஏரியில நல்ல நீல ஐஸ் எண்டாலே ஒராள் நடக்க 15 சென்ரிமீற்றர் வேணும் எண்டு செஞ்சிலுவைச் சங்கம் சொல்லுது. இந்தப் பொண்டில எத்தினை சென்ரிமீற்றர் இருந்தாலும் கால் வைக்கக்கூடாது.

[8:19] ஆரணன்: நாங்கள் கரையிலதான் நிப்பம் மாமா. கார் மட்டும்தான் ஐஸில

[8:22] குகன்: கார் நடுவில நிண்டா ஆர் எடுக்கிறது? இண்டைக்குப் பத்து நிமிசத்தில நிண்ட மாதிரி நிக்கும். அப்ப உங்களில ஒருத்தன் போவான். காரைப் போகவிடலாம், ஆளைப் போகவிட ஏலாது. பெடியளுக்கும் இப்பவே சொல்லு.

[8:23] அம்மம்மா: (குரல்பதிவு 0:34)

[8:24] ஆரணன்: சரி அம்மம்மா. போகமாட்டன். சத்தியமா

[8:31] குகன்: சனிக்கிழமை எல்லாரும் என்ர வீட்டுக்கு வாங்கோ. பின்வளவில ஸ்னோ முழங்கால் உயரம் கிடக்கு. ஸ்னோ புளோவரால பாதை வெட்டி கார் ஓட ரக் ஒண்டு போடுறன், ரண்டு பக்கமும் ஸ்னோ மதில். முட்டினாலும் ஆம் உடையாது. வெள்ளி இரவு ரண்டு வளைவில வாளித் தண்ணி ஊத்தி விடுறன், விடிய ஐஸாகிடும். உன்ர ட்றிஃப்ட் அங்க.

[8:32] ஆரணன்: மாமா!!!! 🔥 எத்தினை பேர் வரலாம்?

[8:33] குகன்: தாய் தேப்பன் ஓம் எண்டவை எல்லாரும். பத்து மணிக்கு. ரயரில ஸ்குறூ அடிச்சவை மட்டும் தனியா ஓடவேணும், ஆக்களின்ர காலுக்குக் கிட்ட அது வேண்டாம்.

[8:35] ரஞ்சி: மட்டன் ரோல்ஸ் நான் கொண்டுவாறன். ரீ சுதா

[8:36] சுதா: ஓம் அக்கா. அண்ணா, இவன் இப்பவே சார்ஜ் போடக் கீழ ஓடுறான்

[8:38] குகன்: இண்டைக்கு வேண்டாம் ஆரணன். புல்லா ஏத்தி ரண்டு நாள் சும்மா வைக்கிறது பற்றறிக்குக் கூடாது. செல்லுக்கு 3.8க்குக் கிட்ட நிண்டாத்தான் சுகமாக் கிடக்கும், உன்ரது இப்ப அதுக்குக் கிட்டத்தான் நிக்குது. வெள்ளி இரவு, அம்மா உடுப்புத் தோய்க்கேக்க போடு.