பழைய ஆட்டக்காரர்களிடம் இரண்டாம் பதிப்பை எப்படி அறிவிப்பது?

நொய்யல்கரை (கோவை):

வணக்கம். சங்ககால ஊரான கொடுமணலின் கல்மணி வணிகர்களை மையமாக வைத்து நாங்கள் நால்வர் எழுதிய டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஒன்றின் விதிநூலை நான்கு ஆண்டுகளுக்கு முன் 300 பிரதிகள் அச்சிட்டோம். ஏறக்குறைய அனைத்தும் விற்றுவிட்டன. கொடுமணலிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுசெல்லும் வணிகச் சாத்தின் கதை அது. சண்டை விதிகள் இழுவையாக இருப்பதாகப் பலரும் சொன்னதால் இரண்டாம் பதிப்பை எழுதி முடித்து, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குள் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் இதை அறிவித்ததும் முதலில் வந்த பதில், "அப்போ எங்க புக்கு பழைய பேப்பர் கடைக்குத்தானுங்களா?" என்பதுதான். புதியவர்களிடம் என்ன பேச வேண்டும் என்பது ஓரளவு தெரிகிறது. ஏற்கெனவே வாங்கியவர்களிடம் எதை முதலில் சொல்வது?

பன்னிருமுகப் பகடை (ஈரோடு):

கேட்டவர் கோபத்தில் கேட்கவில்லை, கணக்குப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அவர் கையில் இருப்பதில் எது இனியும் பயன்படும் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். புதிதாக என்ன இருக்கிறது என்பது இரண்டாவது.

இதில் பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன. இவ்வகை ஆட்டங்களில் மிகப் பிரபலமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பை 2007இல் அறிவித்தபோது, முந்தைய பதிப்புகளின் விதிகளைக் கேலி செய்யும் காணொளியை வெளியிட்டார்கள்; அந்த விதிகளை ஆண்டுக்கணக்கில் ஆடி மகிழ்ந்தவர்களே அதன் பார்வையாளர்கள் என்பதை மறந்துவிட்டார்கள். 2008இல் நூல் வந்தது, அதற்கு முந்தைய 3.5 பதிப்பின் விதிகளைப் பிறரும் பயன்படுத்த அனுமதித்த திறந்த உரிமத்தைக் கொண்டு பைசோ நிறுவனம் 2009இல் பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்தைக் கொண்டுவந்ததும் கணிசமானோர் அந்தப் பக்கம் போய்விட்டனர். அடுத்த முறை திருந்திக்கொண்டு, 2012இலேயே வரைவு விதிகளைப் பொதுவில் வைத்து ஆடிப்பார்க்கச் சொல்லி, 2014இல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டார்கள். நீங்களோ எழுதி முடித்த பிறகு அறிவித்திருக்கிறீர்கள். சண்டை விதிகளை மட்டுமாவது இப்போதே இலவச பிடிஎஃப்பாகக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்த அச்சுக்கு முன் இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள்.

மணிக்கோவை (திருப்பூர்):

மேலே உள்ளதை ஏற்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. "பழையதும் செல்லும்" என்று சொல்வது எளிது. எந்த அளவுக்கு என்று கேட்டால்தான் பலரும் விழிப்பார்கள். கால் ஆஃப் கதுல்லு என்ற திகில் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில், பெரும்பாலும் 3 முதல் 18 வரை இருந்த பண்பெண்களை (பாத்திரத்தின் வலிமை, அறிவு போன்றவற்றைக் குறிக்கும் எண்களை) ஐந்தால் பெருக்கிச் சதவீதமாக்கினார்கள். அதனால் பழைய சாகசக் கதையை எடுத்து, மனக்கணக்காகவே மாற்றி, அன்று மாலையே ஆட முடிகிறது. உங்கள் மாற்றத்தையும் இப்படி ஒரே வரியில் சொல்ல முடியுமா? முடியாதென்றால் பொருந்தும் என்ற சொல்லையே விளம்பரத்தில் பயன்படுத்தாதீர்கள். பாதி பொருந்துவதைப் பொருந்தும் என்று விற்றால், முதல் ஆட்டத்திலேயே மேசையைச் சுற்றி ஐந்து பேர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி):

நான் உங்கள் ஆட்டத்தை மூன்று ஆண்டுகளாக நடத்தும் கேம் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர். எங்கள் குழுவில் மணி வணிகராக ஆடுபவரின் கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரங்களைக் குறித்துவைக்கும் தாளில்), எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் உயிர்ப்புள்ளிக் கட்டத்தை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகி, பின்புறம் செலோ டேப் ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கச் சொல்லி அவரிடம் எதையும் விற்க முடியாது. அந்த வணிகர் முசிறி போய்ச் சேரும்வரை பழைய விதிகளிலேயே ஆடலாம் என்று நீங்களே எழுதிக்கொடுத்தால், அவர் புதிய நூலையும் வாங்குவார்.

இன்னொன்று. வேறொரு ஆட்டத்தின் விதிநூலை முழு விலை கொடுத்து வாங்கிய நாற்பதாம் நாள் அதன் புதிய பதிப்பை அறிவித்தார்கள். விற்றவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அதன் பிறகு அவர்களிடம் நான் எதுவும் வாங்கவில்லை. உங்களிடம் மிச்சமிருக்கும் பிரதிகளை விற்கும்போது விஷயத்தைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.

நொய்யல்கரை (கோவை):

மூவருக்கும் நன்றி. இன்று உட்கார்ந்து பார்த்ததில், பண்பெண்கள் அப்படியே செல்லும், ஆயுத அட்டவணை மட்டும் செல்லாது என்று தெரிந்தது; ஒரே வரிதான். அந்த அட்டவணையைப் பழைய நூலின் அதே அளவில் நான்கு பக்கத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு, பழைய பிரதியின் அட்டையைப் படமெடுத்து அனுப்புபவர்களுக்கு இலவசமாகக் கூரியரில் அனுப்பப்போகிறோம். மிச்சமிருக்கும் பதினோரு பிரதிகளைப் பாதி விலைக்கு, காரணத்தைச் சொல்லியே தருகிறோம். ஆகஸ்ட் கைகூடாது, தேதியைக் குழுவில் திருத்திவிட்டேன். தென்னந்தோப்பு அவர்களுக்கு வரைவு விதிகள் இன்று இரவே வந்துசேரும். அந்த மணி வணிகரை வைத்து ஒரு சண்டை நடத்திப் பார்த்துச் சொல்லுங்கள், ஆனால் அவரைக் கொன்றுவிட வேண்டாம்.