தாமஸ் – ஹில் விவாதம்: கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சட்டக் கல்லூரியில் அடுத்த வாரம் ஒரு விவாதம். 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு கிளாரன்ஸ் தாமஸை நியமித்தது சரியா என்பதுதான் தலைப்பு. எனக்குக் கிடைத்திருப்பது 'சரியல்ல' என்ற பக்கம்.

அனுபவம் பற்றிப் பேசுவது சுலபம். பெயர் முன்மொழியப்பட்டபோது மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் நீதிபதியாகி ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. முன்பு தாமஸின் கீழ் வேலை பார்த்த அனிதா ஹில் அவர்மீது சொன்ன பாலியல் தொல்லைப் புகாரில்தான் திணறுகிறேன். தாமஸ் எல்லாவற்றையும் அடியோடு மறுத்தார். நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆனால் ஹில் முன்பே தங்களிடம் சொன்னதாக 4 பேர், நியமனத்தை விசாரித்த செனட் (நாடாளுமன்ற மேலவை) குழுவில் சாட்சி சொன்னார்கள். எதிரணி நிச்சயம் கேட்கும்: "அப்படியென்றால் தாமஸ் வேலை மாறியபோது ஹில்லும் ஏன் கூடவே போனார்? பிறகு ஏன் அவரிடம் போனில் பேசினார்?" (போன இடம் சம வேலைவாய்ப்பு ஆணையம். இத்தகைய புகார்களை விசாரிக்கும் அமைப்பே அதுதான்!)

இதற்கு என்ன பதில் சொல்லலாம்? குற்ற வழக்குக்கு வேண்டிய அளவு ஆதாரம் ஒரு நியமனத்துக்கும் வேண்டுமா? அப்புறம், விசாரித்த செனட் குழுவின் 14 பேரும் ஆண்கள் என்பதை வாதமாக வைத்தால் எடுபடுமா, இல்லை வெறும் உணர்ச்சிப் பேச்சாகிவிடுமா? செனட் அவரை 52–48 என்றுதான் ஏற்றது என்ற வாக்கு எண்ணிக்கையை நானே முதலில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். சாட்சியச் சட்டம் படித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.