நர்ஸ்களுக்குப் பயிற்சி: வீடியோ எவ்வளவு, செய்முறை எவ்வளவு?

வணக்கம். ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸிங் பயிற்சியைக் கவனித்துக்கொள்கிறேன், இங்கே நிறைய இன்சார்ஜ் சிஸ்டர்கள் இருப்பதால் கேட்கிறேன். இனி எல்லா வகுப்பையும் ஆன்லைன் வீடியோவாக மாற்றிவிடலாம் என்கிறது நிர்வாகம். மருந்துக் கணக்கு, தொற்றுத் தடுப்பு விதிகள் எல்லாம் வீடியோவில் படிக்கட்டும், சரி, நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கும் அது வசதி.

ஆனால் சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி? நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல் என்று தேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். பயிற்சிப் பொம்மை மேல் கை வைத்ததும் முழங்கை மடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் வேகம் குறைகிறது, அழுத்திய நெஞ்சு முழுசாக மேலே வரும் முன்பே அடுத்த அழுத்தம் போய்விடுகிறது. பக்கத்தில் ஒருவர் நின்று திருத்தினால்தான் இது சரியாகும். நரம்பு கிடைக்காத வயதானவருக்கு ஐ.வி. ஊசி போடுவதும் அப்படித்தான், சீனியர் கூடவே நின்று பழக வேண்டிய வேலை.

கற்பதில் 70 சதவீதம் வேலை அனுபவத்தில், 20 பிறரிடம், 10 வகுப்பில் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது நிறுவன மேலாளர்களை வைத்து வந்தது, வார்டுக்கு அப்படியே பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆள் பற்றாக்குறையிலும் செய்முறைக்கு எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்? ஷிப்ட் மாறும்போது வார்டிலேயே பத்து நிமிடம் பொம்மையில் பழக்குவது நடைமுறையில் ஓடுகிறதா? சொல்லித்தரும் சீனியருக்கு நோயாளிகளைக் குறைத்துக் கொடுப்பீர்களா? நிர்வாகத்திடம் காட்டுகிற மாதிரி பயிற்சி அட்டவணை ஏதாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.