தாம்பரம் பக்கம் அரசுப் பெண்கள் பள்ளி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மகள் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். வரும் ஜூனில் வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்க்கலாம் என்று எனக்கு ஆசை. வீட்டில் பெரியவர்களுக்கு மனசே இல்லை.

ஃபீஸ் மட்டும் காரணம் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். பிளஸ் ஒன்னில் மாற்றினால் இதெல்லாம் கிடைக்காது. அதனால்தான் இப்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் பள்ளி விடும் நேரத்துக்கு கேட் பக்கம் போய் நின்றேன். பத்தாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் மதில் ஓரம் உட்கார்ந்து, ஒருத்தி கேள்வி கேட்க இன்னொருத்தி அறிவியல் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். விசாரித்தேன். "கணக்கு மிஸ் சூப்பர் ஆன்ட்டி. பாத்ரூம்லதான் மத்தியானத்துக்கு மேல தண்ணி வராது" என்றாள் ஒருத்தி. அந்த ஒரு வார்த்தை மனசை உறுத்துகிறது.

இந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள் சொல்லுங்கள். ஆங்கில வழி வகுப்பில் நிஜமாகவே ஆங்கிலத்தில் நடத்துகிறார்களா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஆசிரியர் இடம் காலியானால் சீக்கிரம் ஆள் போடுகிறார்களா? அங்கே படித்த பெண்களே எழுதினால் இன்னும் நல்லது. பாத்ரூம் விஷயத்தையும் தயங்காமல் சொல்லுங்கள்.