பழைய வால்வு ரேடியோ: எழுத்து அழிந்த வால்வை அடையாளம் காண உதவி தேவை

மீடியம் வேவும் ஷார்ட் வேவும் மட்டும் உள்ள, எஃப்.எம். இல்லாத, 1950களைச் சேர்ந்ததாகத் தோன்றும் ஏ.சி. மெயின்ஸ் ரேடியோ ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். பின்மூடியும் மாடல் எண்ணும் இல்லை. மற்ற வால்வுகளின் (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களின்) மேல் உள்ள இ.சி.எச்.81, இ.எஃப்.89, இ.எல்.84, இ.இசட்.80 ஆகிய பெயர்களைப் படிக்க முடிகிறது. இ.எஃப்.89-க்கும் இ.எல்.84-க்கும் இடையே உள்ள ஒன்பது முனை வால்வில் மட்டும் எழுத்து முற்றிலும் அழிந்துவிட்டது. மூச்சுக்காற்றை ஊதி, சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தும் பயனில்லை. அதன் உச்சியில் வெள்ளியாக மின்ன வேண்டிய படலம் பால்போல வெளுத்திருப்பதால், உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது உறுதி.

ஃபில்டர் கெப்பாசிட்டர்களையும், ஸ்பீக்கரை இயக்கும் இ.எல்.84-இன் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனைக்கு) செல்லும் பழைய காகிதக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிட்டேன். அந்த கிரிட்டை ஸ்குரூடிரைவரால் தொட்டால் ஸ்பீக்கர் உறுமுகிறது. வால்யூம் கன்ட்ரோலைத் தொட்டால் சத்தமே இல்லை.

சாக்கெட்டின் 4, 5 முனைகளுக்கு இடையே 6.3 வோல்ட் வருகிறது. 1-ஆம் முனை 220 கிலோ ஓம் வழியாக உயர் மின்னழுத்தத்துக்கும், 2-ஆம் முனை ஒரு கெப்பாசிட்டர் வழியாக வால்யூம் கன்ட்ரோலுக்கும், 6-உம் 8-உம் ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மர் பக்கமும் செல்கின்றன. இ.சி.சி.83-ஆக இருந்தால் 4, 5-க்கு இடையே 12.6 வோல்ட் வேண்டும், இ.ஏ.பி.சி.80 பெரும்பாலும் எஃப்.எம். உள்ள செட்களுக்கு உரியது. எனவே ஒலியைப் பெருக்கும் ஒரு டிரையோடும் இரண்டு டயோடுகளும் கொண்ட இ.பி.சி.81 என்றே கருதுகிறேன்.

இந்த இணைப்புகளை வைத்து, இது இ.பி.சி.81-தான் என்று உறுதிசெய்து புதியதைச் செருகலாமா, அல்லது இதே முனை அமைப்புள்ள வேறு வால்வு ஏதேனும் உண்டா?