நூலக அட்டையில் ஒரு பெயர்

நான்: சித்தி, நேற்று இரவு ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’ பார்த்தேன். ஜப்பான் அனிமேஷன் படம், 1995இல் வந்தது. நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கதை தொடங்குவதே நூலக அட்டையில்தான்.

சித்தி: அட்டையிலா? சொல்லு, சொல்லு.

நான்: ஷிசுகு என்று 14 வயதுப் பெண். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், எடுத்தவர்கள் பெயரை எழுதுகிற அட்டையில் அவளுக்கு முன்பே ‘அமசாவா செய்ஜி’ என்ற பெயர் இருக்கிறது. ஆளைப் பார்த்ததே இல்லை. எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று மனசு அதையே சுற்றி வருகிறது. அவளுடைய அப்பாவுக்கும் நூலகத்தில்தான் வேலை. சீக்கிரம் எல்லாம் பார்கோடு ஆகிவிடும் என்கிறார். அவளுக்கு அட்டைதான் பிடிக்கும்.

சித்தி: எங்கள் நூலகத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது புத்தக அட்டைகளையெல்லாம் மூட்டை கட்டினோம். எனக்கு மனசே வரவில்லை. எங்கள் அட்டையில் பெயர் இருக்காது, உறுப்பினர் எண்ணும் தேதியும்தான். ஆனாலும் ஒரே எண் ஒரு எழுத்தாளரின் எல்லாப் புத்தகங்களிலும் வந்துகொண்டே இருக்கும். அடுத்து அவர் எதை எடுப்பார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அண்ணன்: அந்தப் படத்து ஊருக்கு நான் போயிருக்கிறேன்! டோக்கியோவுக்கு மேற்கே தாமா. டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து கெய்ஓ ரயிலில் அரை மணி நேரம், செய்செகி சகுராகவோகா ஸ்டேஷன். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் மேட்டுச் சாலை, குறுக்கே படிக்கட்டு. ஸ்டேஷனில் ரயில் வரும்போது ‘கன்ட்ரி ரோட்’ மெட்டு ஒலிக்கிறது. 2012இலிருந்து அப்படித்தான்.

நான்: அது அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1971இல் பாடிய பாட்டு. ஷிசுகு அதற்கு ஜப்பானிய வரிகள் எழுதுகிறாள். ஊர் திரும்புகிற பாட்டு அது. இவளோ நகரத்து அடுக்குமாடியில், அக்காவோடு ஒரே அறையில் வளர்ந்தவள். சொந்த ஊர் என்றால் என்னவென்றே புரியவில்லை என்கிறாள். ‘கான்க்ரீட் ரோட்’ என்று மாற்றியும் எழுதுகிறாள், காட்டை வெட்டிப் போட்ட தாமா சாலையைப் பற்றி.

அண்ணன்: உண்மைதான். அந்தப் பக்கம் குன்றுகளைச் சீவித்தான் புதுநகரம் கட்டினார்கள்.

அப்பா: பையன் எங்கே?

நான்: வயலின் செய்கிறான் அப்பா. வாசிக்கவும் தெரியும், ஆனால் செய்வதுதான் ஆசை. தொழில் கற்க இத்தாலியின் கிரெமோனாவுக்குப் போகிறான், முதலில் 2 மாதப் பயிற்சி. அவனுக்கு வழி தெரிந்துவிட்டது, தனக்குத் தெரியவில்லையே என்று இவளுக்குத் தவிப்பு. அவன் திரும்பி வருவதற்குள் ஒரு கதை எழுதி முடிப்பது என்று உட்காருகிறாள். நான் பார்த்த காதல் படங்களில் இது எனக்குப் புதிது. பரீட்சை நேரம் வேறு. மார்க் சரிந்து வீட்டில் பெரிய பேச்சு.

அப்பா: அவள் அப்பா என்ன சொன்னார்?

நான்: கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், நீ நம்புவதைச் செய் என்றார். எல்லோரும் போகிற வழியை விட்டுப் போவது கஷ்டம், தோற்றால் யார் மேலும் பழி போட முடியாது என்றும் சொன்னார்.

அப்பா: நீ ஓவியம் படிக்கிறேன் என்றபோது நானும் இப்படிச் சொல்லியிருக்கலாம்.

நான்: அப்பா...

சித்தி: கதையை முடித்தாளா?

நான்: முடித்தாள் சித்தி. செய்ஜியின் தாத்தா பழம்பொருள் கடையில் இருக்கிறார், அவர்தான் முதல் வாசகர். முன்பே அவளிடம் ஒரு கல்லைக் காட்டியிருப்பார், வெளியே கரடுமுரடு, உள்ளே பச்சை மணி. கதையும் அப்படித்தான் இருக்கிறது, இனிமேல்தான் பட்டை தீட்ட வேண்டும் என்கிறார். அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். சுடச்சுட நூடுல்ஸ் செய்து சாப்பிட வைக்கிறார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சித்தி: யார் எடுத்த படம்?

நான்: கொண்டோ யோஷிஃபுமி. அவர் இயக்கிய ஒரே முழுநீளப் படம். 1998இல், 47 வயதில் போய்விட்டார்.

சித்தி: அடடா.

அப்பா: ஞாயிற்றுக்கிழமை டிவியில் போடு. நானும் பார்க்கிறேன்.

அண்ணன்: மதியம் போடுங்கள் அப்பா. இங்கே ஜப்பானில் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நானும் அதே நேரத்தில் பார்க்கிறேன்.

சித்தி: நான் சாப்பாட்டுக்கே வந்துவிடுகிறேன். அந்த மூட்டையிலிருந்து ஒரே ஒரு அட்டையை எடுத்து வைத்திருந்தேன். பீரோவில் தேடிப் பார்த்துக் கொண்டு வருகிறேன்.